அட்டெண்டன்ஸ், அரியர், பிரேக் ஆஃப் ஸ்டடி, மறுசேர்க்கை: பொறியியல் மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இங்கே சொல்லப்படுவது அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகளில் பி.இ., பி.டெக். படிப்பவர்களுக்கானது. 2017, 2021 ரெகுலேஷன்களை (பல்கலைக்கழகத்தின் படிப்பு, தேர்வு விதிகள்) வைத்து எழுதப்பட்டிருக்கிறது. தன்னாட்சிக் கல்லூரியில் படிப்பவர்கள் இங்குள்ள எண்களை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. ஏன் என்பது கடைசிப் பகுதியில் இருக்கிறது.

எட்டு பேப்பர் அரியர் இருக்கிறது. அடுத்த செமஸ்டருக்குப் போக விடுவார்களா?

விடுவார்கள். அரியர் (ஃபெயிலாகி இன்னும் முடிக்காத பாடம்) எத்தனை என்பதை வைத்து இங்கே யாரையும் அடுத்த செமஸ்டருக்குப் போகாமல் நிறுத்துவதில்லை. நிறுத்துவது இரண்டே விஷயங்கள்: அட்டெண்டன்ஸ் குறைவது, தேர்வுக்குப் பதிவு செய்யாமல் விடுவது.

பெற்றோர் பலர் இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். பையன் மூன்று பாடத்தில் ஃபெயில் என்றால் வீட்டில் பெரிய கலவரம் நடக்கிறது. அட்டெண்டன்ஸ் 66 சதவீதம் என்று கல்லூரியிலிருந்து குறுஞ்செய்தி வந்தால் யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அந்த மூன்று பாடத்தையும் ஆறு மாதத்தில் எழுதி முடித்துவிடலாம். 66 சதவீதத்தைச் சரியான காகிதம் இல்லாமல் விட்டால் ஒரு வருடமே போய்விடும்.

இரண்டாவது விஷயமும் பலரை வீழ்த்துகிறது. நடப்பு செமஸ்டர் பாடங்களுக்கு மட்டுமல்ல, அரியர் பாடங்களுக்கும் தேர்வுப் பதிவு கட்டாயம். பதிவு செய்யாதவரை மேல் செமஸ்டருக்கு அனுப்புவதில்லை என்று ரெகுலேஷனிலேயே இருக்கிறது. "இந்த முறை மேத்ஸ் அரியரை எழுதப்போவதில்லை, எதற்குக் கட்டணம் கட்ட வேண்டும்" என்று விட்டுவிடாதீர்கள். எழுதப் போகாவிட்டாலும் பதிவு செய்துவிடுங்கள்.

75 சதவீதம் என்பது ஒவ்வொரு பாடத்துக்குமா, மொத்தத்துக்குமா?

இணைப்புக் கல்லூரிகளில் மொத்தத்துக்கு. அந்த செமஸ்டரில் நடந்த எல்லாப் பாடங்களின் பீரியட்களையும் சேர்த்துக் கணக்கிடுவார்கள். ஒரு பாடத்தில் 60 சதவீதம் இருந்து மற்றவற்றில் நன்றாக இருந்தால் மொத்தம் தாண்டிவிடும். அந்தப் பாடத்தின் ஆசிரியரிடம் திட்டு வாங்குவது தனிக்கதை.

வரும் எண் அருகிலுள்ள முழு எண்ணுக்கு மாற்றப்படும். 74.5 வந்தால் அது 75. 74.4 வந்தால் 74.

2017 ரெகுலேஷன்படி ஒரு செமஸ்டர் என்பது 50 நிமிட பீரியட்கள் 540. அதை வைத்துப் பார்த்தால் 403 பீரியட் வந்தவருக்கு 74.63, அதாவது 75. 402 வந்தவருக்கு 74.44, அதாவது 74. ஒரே ஒரு பீரியட்தான் வித்தியாசம். கடைசி வாரத்தில் ஆசிரியர் அறை வாசலில் நிற்கும் கூட்டத்தில் பாதி இந்த ஒரு பீரியட்டுக்காக வந்தது.

நாள் கணக்கில் சொன்னால், 540இல் 137 பீரியட் வரை விடலாம். ஒரு நாளைக்கு எட்டு பீரியட் என்றால் அது 17 நாள். ஏழு என்றால் 19 நாள். காய்ச்சல், ஊர்த் திருவிழா, அக்கா கல்யாணம் எல்லாம் இதற்குள்தான் அடங்க வேண்டும்.

பாதி செமஸ்டரில் 65 சதவீதம்தான் இருக்கிறது. இனி ஒழுங்காக வந்தால் ஏறிவிடுமா?

எத்தனை பீரியட் மிச்சம் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. அதே 540ஐ வைத்துப் பார்ப்போம்.

300 பீரியட் முடிந்திருக்கிறது, 195க்கு வந்திருக்கிறீர்கள். மிச்சம் 240. தேவை 403. ஆக இன்னும் 208 வர வேண்டும், 32தான் விடலாம், அதாவது நான்கு நாள். கஷ்டம், ஆனால் முடியும்.

400 முடிந்து 260க்கு வந்திருக்கிறீர்கள் என்று வையுங்கள். இதுவும் அதே 65 சதவீதம்தான். மிச்சமுள்ள 140க்கும் ஒன்று விடாமல் வந்தாலும் மொத்தம் 400, அதாவது 74 சதவீதம். இனி தனியாக ஏறாது. இந்த நிலையில் இருப்பவர் வகுப்புக்கு வருவதோடு, விட்ட நாட்களுக்கான சான்றிதழ்களையும் திரட்டத் தொடங்க வேண்டும். சதவீதத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இந்த இரண்டு நிலைகளுக்கும் இடையே இருக்கும் வித்தியாசம் கண்ணில் படாது. பீரியட் எண்ணிக்கையைக் கேட்டு வாங்குங்கள்.

இன்னொன்று. அட்டெண்டன்ஸ் செமஸ்டர் முடிவில் மொத்தமாகப் பல்கலைக்கழகத்துக்குப் போவதில்லை. செமஸ்டரின் நடுவிலேயே, குறித்த தேதிகளில் இணையதளத்தில் ஏற்றப்படுகிறது. ஏற்றி மூடிய பிறகு "அன்றைக்கு நான் வகுப்பில் இருந்தேன், சார் ஆப்சென்ட் போட்டுவிட்டார்" என்று போனால் ஆசிரியரே நினைத்தாலும் திருத்துவது சிரமம். தப்பு இருந்தால் அந்த வாரத்திலேயே சொல்லிவிட வேண்டும்.

65க்கும் 74க்கும் நடுவில் இருக்கிறேன். கண்டொனேஷன் (அட்டெண்டன்ஸ் குறைவை மன்னிக்கும் கட்டணம்) கட்டினால் போதுமா?

பணம் மட்டும் போதாது. இந்த இடைவெளியில் இருப்பவரைத் தேர்வு எழுத விடுவதற்கு ரெகுலேஷன் சொல்லும் காரணங்கள் இரண்டுதான்: மருத்துவக் காரணம் (நீண்ட நாள் மருத்துவமனையில் இருந்தது, விபத்து, குறிப்பிட்ட நோய்), விளையாட்டுப் போட்டியில் பங்கேற்றது. அதற்கான சான்றிதழில் கல்லூரி முதல்வர் சான்றொப்பம் இட்டு, அது தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்குப் போக வேண்டும்.

நிராகரிக்கப்படும் மருத்துவச் சான்றிதழ்களில் திரும்பத் திரும்ப வரும் குறைகள் இவை:

தேதி பொருந்தாது. சான்றிதழ் ஆகஸ்ட் 5 முதல் 20 வரை என்று சொல்லும், அட்டெண்டன்ஸ் பதிவேட்டில் ஆகஸ்ட் 12 அன்று மாணவர் லேபில் இருந்திருப்பார். அந்த ஒரு நாளால் முழுச் சான்றிதழுமே சந்தேகத்துக்குள்ளாகிறது.

"ஓய்வு தேவை" என்ற ஒற்றை வரி. மருத்துவமனையில் சேர்ந்திருந்தால் டிஸ்சார்ஜ் சம்மரி, ரத்தப் பரிசோதனை அறிக்கை, மருந்து பில் எல்லாம் சேர்ந்திருக்க வேண்டும். டெங்கு என்றால் பிளேட்லெட் அறிக்கை இல்லாமல் இருக்காது. அதை வைக்காமல் வெறும் லெட்டர்பேடை மட்டும் வைத்தால் துறைத்தலைவருக்கே நம்பிக்கை வராது.

காலதாமதம். ஜூலையில் வந்த காய்ச்சலுக்கு நவம்பரில் சான்றிதழ் கொடுப்பது. கல்லூரிக்குத் திரும்பும் முதல் நாளே விடுப்புக் கடிதத்தையும் சான்றிதழ் நகலையும் கிளாஸ் அட்வைசரிடம் கொடுத்து, இன்னொரு நகலில் "பெற்றுக்கொண்டேன்" என்று தேதியோடு கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். செமஸ்டர் முடிவில் அதுதான் பேசும்.

குடும்பத்தில் சாவு, வீட்டுக் கஷ்டம், பகுதிநேர வேலை: இவை எல்லாம் உண்மையான காரணங்கள்தான், ஆனால் இந்தப் பிரிவுக்குள் வராது. அப்படிப்பட்டவர்கள் கீழே வரும் பிரேக் ஆஃப் ஸ்டடி பகுதியைப் பார்க்க வேண்டும்.

ஓடி (ஆன் டியூட்டி, கல்லூரிப் பணியாக வெளியே போக அனுமதி) வாங்கிய நாட்கள் கணக்கில் வருமா?

சிம்போசியம், என்.எஸ்.எஸ்., பிளேஸ்மென்ட் நேர்காணல் ஆகியவற்றுக்குக் கல்லூரி தரும் ஓடியை வருகையாகப் பதிவது அந்தந்தக் கல்லூரியின் நடைமுறை. முன்கூட்டியே எழுத்தில் அனுமதி வாங்கியிருந்தால் பெரும்பாலும் சிக்கல் இல்லை. போய்விட்டு வந்த பிறகு பங்கேற்புச் சான்றிதழைக் காட்டி ஓடி கேட்பதுதான் தகராறில் முடிகிறது.

65க்கும் கீழே போய்விட்டால்?

அந்த செமஸ்டர் தேர்வை எழுத முடியாது, அடுத்த செமஸ்டருக்கும் போக முடியாது. அடுத்த கல்வியாண்டில் அதே செமஸ்டரைத் திரும்பப் படிக்க வேண்டும். ப்ரிவென்ட், டீடெய்ன், இயர் அவுட் என்று கல்லூரிக்குக் கல்லூரி பேர் மாறும், விஷயம் ஒன்றுதான். 65க்கும் 74க்கும் நடுவில் இருந்து சான்றிதழ் கொடுக்க முடியாதவர்களுக்கும் இதே கதிதான். முடிவுப் பட்டியலில் அந்தப் பாடங்களுக்கு எஸ்.ஏ. (அட்டெண்டன்ஸ் குறைவு) என்று வரும்.

திரும்பச் சேரும்போது அந்த செமஸ்டரின் இன்டர்னல் (கல்லூரியே போடும்) மதிப்பெண்ணும் அட்டெண்டன்ஸும் புதிதாகத் தொடங்கும். அதற்கு முந்தைய செமஸ்டர்களில் பாஸ் செய்த பாடங்கள் பாஸ்தான். அவற்றைத் தொட வேண்டியதில்லை.

ப்ரிவென்ட் ஆகிவிட்டேன். இனி என்ன வரிசையில் செய்ய வேண்டும்?

முதல் வேலை, எந்த செமஸ்டர், எத்தனை சதவீதம், எந்தக் காரணத்தால் என்பதைக் கல்லூரியிடமிருந்து எழுத்தில் வாங்குவது. வாய்மொழியாகச் சொன்னதை வைத்து வீட்டுக்குப் போய்விடாதீர்கள்.

அடுத்தது, அந்த செமஸ்டர் மறுபடி எப்போது நடக்கும் என்று பார்ப்பது. ஒற்றைப்படை செமஸ்டர் என்றால் ஜூன், ஜூலை வாக்கில். இரட்டைப்படை என்றால் டிசம்பர், ஜனவரி வாக்கில். வகுப்பு தொடங்கிய பிறகு போனால், சேர்ந்த அன்றே அட்டெண்டன்ஸில் பள்ளம் விழுந்திருக்கும். போன வருடம் 62 சதவீதத்தில் நின்ற அதே மாணவர் இந்த வருடம் மூன்று வாரம் தாமதமாகச் சேர்ந்து மறுபடியும் மாட்டிக்கொள்வது அரிதல்ல. அதனால் வகுப்பு தொடங்குவதற்குக் குறைந்தது ஒரு மாதம் முன்பே விண்ணப்பத்தைக் கொடுத்துவிடுங்கள்.

விண்ணப்பம் முதல்வர் வழியாகத்தான் மேலே போக வேண்டும். நேராகப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினால் திரும்பி வரும். இதுவரையிலான எல்லா மதிப்பெண் பட்டியல்களின் நகல், நின்ற செமஸ்டரின் அட்டெண்டன்ஸ் விவரம், நோய் காரணம் என்றால் இப்போது படிக்கத் தகுதியாக இருக்கிறார் என்ற மருத்துவச் சான்று, கட்டணம் கட்டிய ரசீது ஆகியவற்றைத் தயாராக வையுங்கள். பழைய பதிவு எண்ணை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி எழுதுங்கள். ஓர் இலக்கம் மாறினாலும் கோப்பு அலுவலகத்திலேயே தூங்கும்.

அனுமதி வந்த பிறகு தேர்வுப் பிரிவில் உங்கள் பெயர் புதிய பேட்ச்சோடு இணைந்திருக்கிறதா என்று நேரில் பாருங்கள். வகுப்பில் உட்கார்ந்திருப்பீர்கள், இணையதளத்தில் பெயர் இருக்காது. இது தேர்வுப் பதிவு நேரத்தில்தான் வெளியே வரும், அப்போது ஓடுவதற்கு நாள் இருக்காது.

நான்காவது செமஸ்டரில் நின்றேன். அடுத்த ஜனவரி வரை என்ன செய்வது?

இரட்டைப்படை செமஸ்டரில் நின்றவர்களுக்கு நடுவில் ஓர் அரையாண்டு சும்மா கிடைக்கிறது. அரியர் இருந்தால் நவம்பர்–டிசம்பர் தேர்வில் எழுதித் தீர்த்துவிடுங்கள். ஏற்கெனவே படித்த ஒற்றைப்படை, இரட்டைப்படை செமஸ்டர் அரியர்கள் இரண்டையும் ஒவ்வொரு தேர்வுக் காலத்திலும் எழுதலாம். வகுப்பில் இல்லாததால் தேர்வுப் பதிவுத் தேதி உங்களுக்கு யாரும் சொல்லமாட்டார்கள். நீங்களே எக்ஸாம் செல்லில் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். விடுதியில் இருப்பவர்கள் அறையைக் காலி செய்ய வேண்டிவரும், திரும்ப இடம் கிடைக்க இன்னொரு விண்ணப்பம்.

நான் சேரும்போது ரெகுலேஷன் மாறியிருந்தால்?

திரும்பச் சேரும்போது எது நடைமுறையில் இருக்கிறதோ அதுதான் உங்களுக்கும். 2008, 2013, 2017, 2021 என்று ரெகுலேஷன்கள் மாறி வந்திருக்கின்றன. ஒரு வருடம் பின்தங்கியவர் ஒரு மாற்றத்தின் விளிம்பில் இருந்தால் பாடத்திட்டமே வேறாகிவிடும்.

அப்போது உங்கள் பழைய பேட்ச் முடித்த சில பாடங்கள் புதிய திட்டத்தில் வேறு செமஸ்டரில் இருக்கும், அல்லது நீங்கள் படிக்காத பாடம் ஒன்று புதிதாக முன் செமஸ்டரில் வந்திருக்கும். எது எதற்குச் சமம், கூடுதலாக எதைப் படிக்க வேண்டும் என்று பல்கலைக்கழகத்தின் கல்விப் பிரிவு எழுதித் தரும். அதற்கான விண்ணப்பத்தை முதல்வர் வழியாக, திரும்பச் சேரும் செமஸ்டரின் தொடக்கத்திலேயே கொடுக்க வேண்டும் என்பது விதி. இதைத் தள்ளிப்போட்டவர்களுக்கு எட்டாவது செமஸ்டர் முடிந்து பட்டத்துக்கு விண்ணப்பிக்கும்போது "உங்களுக்கு இரண்டு பாடம் குறைகிறது" என்று சொல்வார்கள்.

பிரேக் ஆஃப் ஸ்டடி என்றால் என்ன? ப்ரிவென்ட் ஆவதிலிருந்து எப்படி வேறு?

முன்கூட்டியே அனுமதி வாங்கிப் படிப்பை நிறுத்திவைப்பது பிரேக் ஆஃப் ஸ்டடி. முழுப் படிப்புக் காலத்திலும் ஒரு முறைதான், ஒரே தொடர்ச்சியாக அதிகபட்சம் ஒரு வருடம். அசாதாரணச் சூழ்நிலையில் கட்டணம் கட்டி இன்னும் ஒரு வருடம் வரை கேட்கலாம். ஒவ்வொரு செமஸ்டரும் ஆண்டுக்கு ஒரு முறைதான் வருவதால், "ஒரு செமஸ்டர் மட்டும் பிரேக்" என்று கேட்டாலும் நடைமுறையில் அது ஒரு வருடம்தான்.

இதில் உயிர்நாடி ஒரு தேதிதான். அந்த செமஸ்டரின் தேர்வுப் பதிவுக்கான கடைசி நாளுக்குள் விண்ணப்பம் போயிருக்க வேண்டும். காரணத்தையும் உத்தேசமாக எப்போது திரும்புவீர்கள் என்பதையும் எழுதி, முதல்வர் வழியாக.

ஒரே மாதிரி இரண்டு மாணவர்களை எண்ணிப் பாருங்கள். இருவருக்கும் செப்டம்பரில் விபத்து, இருவரும் இரண்டு மாதம் படுக்கையில். ஒருவர் வீட்டிலிருந்து அப்பா மூலம் பதிவுக் கடைசி நாளுக்கு முன் பிரேக் விண்ணப்பம் கொடுக்கிறார். இன்னொருவர் "எப்படியும் பார்த்துக்கொள்வார்கள்" என்று இருந்து 50 சதவீதத்தில் ப்ரிவென்ட் ஆகிறார். இருவரும் இழப்பது ஒரே ஒரு வருடம். ஆனால் முதலாமவருக்கு டிஸ்டிங்ஷன் வாய்ப்பு அப்படியே இருக்கிறது. இரண்டாமவருக்கு அது அன்றே போய்விட்டது, ஏனென்றால் அட்டெண்டன்ஸ் குறைவால் ஒரு செமஸ்டர்கூடத் தடுக்கப்பட்டிருக்கக் கூடாது என்பது டிஸ்டிங்ஷனின் நிபந்தனை. தடுக்கப்பட்ட காலத்தைப் பின்னால் பிரேக் என்று மாற்றிக் கேட்கவும் முடியாது.

நீட்டித்த பிரேக்கும் முடிந்து திரும்ப வராதவரின் பெயர் நிரந்தரமாக நீக்கப்படும். அதற்குப் பிறகு மறுசேர்க்கை கிடையாது. இதில் விதி வளைந்து கொடுப்பதில்லை.

கல்லூரி "டி.சி. வாங்கிக்கொண்டு போங்கள், அடுத்த வருடம் பார்க்கலாம்" என்கிறது. வாங்கலாமா?

திரும்பப் படிக்கும் எண்ணம் இருந்தால் வாங்காதீர்கள். டி.சி. வாங்கினால் நீங்கள் அந்தக் கல்லூரியின் மாணவர் இல்லை. "படிப்பை நிறுத்திக்கொள்கிறேன்" என்று எழுதிக் கொடுப்பதற்கும் "பிரேக் கோருகிறேன்" என்று எழுதிக் கொடுப்பதற்கும் உள்ள வித்தியாசம் பெரிது. பதற்றத்தில் இருக்கும் அப்பா, நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டுவிடுகிறார். தாளை வீட்டுக்கு எடுத்துப்போய் ஒரு நாள் வைத்துப் படித்த பிறகு கையெழுத்திடுங்கள்.

கட்டணப் பாக்கியைக் காரணம் காட்டி அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைப்பது தவறு. பல்கலைக்கழக மானியக் குழு 2018 அக்டோபரில் வெளியிட்ட அறிவிப்பு அதைத் தடுக்கிறது, ஏ.ஐ.சி.டி.இ. (தொழில்நுட்பக் கல்விக்கான அகில இந்தியக் குழு) விதிகளும் அதையேதான் சொல்கின்றன. பாக்கியை வசூலிக்க அவர்களுக்கு வேறு வழிகள் உண்டு.

மொத்தம் எத்தனை வருடத்துக்குள் முடிக்க வேண்டும்?

பிளஸ் டூ முடித்து முதலாம் ஆண்டில் சேர்ந்தவருக்கு 14 செமஸ்டர், அதாவது ஏழு வருடம். டிப்ளமோ முடித்து நேரடி இரண்டாம் ஆண்டில் சேர்ந்தவருக்கு 12 செமஸ்டர். பிரேக் எடுத்த காலமும் இதற்குள்தான் எண்ணப்படும்.

2022இல் முதலாம் ஆண்டு சேர்ந்தவருக்கு 14ஆவது செமஸ்டர் 2029 ஏப்ரல்–மே தேர்வோடு முடிகிறது. அதைத் தாண்டிவிட்டால் அரியர் எழுதும் உரிமை தானாகப் போய்விடும். பல்கலைக்கழகம் எப்போதாவது சிறப்பு வாய்ப்பு அறிவிப்பதுண்டு. 2021 நவம்பர்–டிசம்பர் தேர்வில் 20 ஆண்டுகளுக்கு முன் சேர்ந்தவர்களுக்குக்கூடக் கதவு திறந்தது. அதை நம்பி இருப்பது, லாட்டரியை நம்பி வீட்டுக் கடன் வாங்குவது போல.

ஒரு வருடம் போனால் ஃபர்ஸ்ட் கிளாஸ் போய்விடுமா?

ஒரு வருடத்தால் போகாது. முதலாம் ஆண்டில் சேர்ந்தவருக்கு ஃபர்ஸ்ட் கிளாஸ் கிடைக்க ஐந்து வருடத்துக்குள் எல்லாப் பாடமும் முடிந்திருக்க வேண்டும். அனுமதி பெற்ற ஒரு வருட பிரேக்கோ, அட்டெண்டன்ஸால் நின்ற வருடமோ அந்த ஐந்துக்குள்ளேயே அடங்குகிறது. தேவையான சி.ஜி.பி.ஏ. (எல்லா செமஸ்டர்களின் சராசரி கிரேடுப் புள்ளி) 2017 ரெகுலேஷனில் 7.0, 2021இல் 6.5.

2022இல் சேர்ந்து நான்காவது செமஸ்டரில், 2024இல் நின்றவர் 2025 ஜனவரியில் திரும்பிச் சேர்ந்து 2027 மேயில் எட்டாவது செமஸ்டரை முடிப்பார். சரியாக ஐந்து வருடம். அதாவது அந்தக் கடைசித் தேர்வில் ஓர் அரியர்கூட மிச்சம் இருக்கக் கூடாது. நான்கு வருடத்தில் முடிக்கும் நண்பனுக்குக் கூடுதலாக இரண்டு தேர்வுக் காலம் கையிருப்பில் உண்டு. உங்களுக்கு அது செலவாகிவிட்டது.

டிஸ்டிங்ஷனுக்கு சி.ஜி.பி.ஏ. 8.5, எல்லாப் பாடமும் முதல் முறையிலேயே பாஸ்.

இன்டர்னல் 38 இருக்கிறது, எப்படி ஃபெயில் ஆனேன்?

பாஸாக இரண்டு நிபந்தனை ஒன்றாக நிறைவேற வேண்டும்: மொத்தத்தில் 50, செமஸ்டர் தேர்வில் தனியாக 45 சதவீதம். 2021 ரெகுலேஷனில் தியரி பாடத்துக்கு இன்டர்னல் 40, செமஸ்டர் தேர்வு 60. 40க்கு 38 வைத்திருக்கும் நீங்கள் தேர்வில் நூற்றுக்கு 42 எடுத்தால் அது 25.2 ஆகிறது. மொத்தம் 63.2. ஆனாலும் 42 என்பது 45க்குக் கீழே, எனவே ஃபெயில்.

இன்டர்னல் 23ஐத் தொட்டுவிட்டால் தேர்வில் 45 எடுத்தால் பாஸ். அதற்கு மேல் இன்டர்னல் ஏறுவது கிரேடுக்கு உதவும், பாஸாவதற்கு உதவாது. இன்டர்னல் 20 என்றால் தேர்வில் 50 வேண்டும். 15 என்றால் 59. 10 என்றால் 67. ஒன்றிரண்டு இன்டர்னல் தேர்வைத் தவறவிட்டவர் செமஸ்டர் தேர்வில் எவ்வளவு ஏற வேண்டியிருக்கிறது என்பதை இந்த எண்களிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

2017 ரெகுலேஷனில் இன்டர்னல் 20, தேர்வு 80. அங்கே மூன்றாவது முயற்சியிலிருந்து ஒரு சலுகை உண்டு: இன்டர்னல் எதுவாக இருந்தாலும் தேர்வில் மட்டும் 50 சதவீதம் எடுத்தால் பாஸ். இன்டர்னல் ஐந்தோ ஆறோ வைத்திருப்பவர்களுக்கு இது பெரிய ஆறுதல். ஐந்து வைத்திருப்பவருக்கு முதல் இரண்டு முயற்சியில் 57 தேவைப்பட்டிருக்கும்.

பாஸ் செய்த பாடத்தை கிரேடு கூட்ட மறுபடி எழுத முடியாது.

தேர்வு நேரத்தில் உடம்பு சரியில்லை. எழுதாமல் விட்டால் அரியர்தானா?

சும்மா விட்டால் அரியர். வித்ட்ராயல் (அனுமதியோடு தேர்விலிருந்து விலகுவது) என்று ஒன்று இருக்கிறது. அட்டெண்டன்ஸ் எல்லாம் சரியாக இருந்து தேர்வு எழுதத் தகுதியுள்ளவர், தக்க காரணத்தோடு, பாடத் தேர்வுக்கு முந்தைய பத்து நாள் காலத்துக்குள் முதல்வர் பரிந்துரையோடு விண்ணப்பித்து, தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரின் ஒப்புதல் பெற வேண்டும். முழுப் படிப்பிலும் ஏதாவது ஒரு செமஸ்டரில் மட்டும்தான். ஒரு பாடத்துக்கும் கேட்கலாம், எல்லாப் பாடத்துக்கும் கேட்கலாம்.

இதன் பலன் டிஸ்டிங்ஷனைக் குறிவைப்பவருக்குத்தான். வித்ட்ராயல் ஒரு முயற்சியாக எண்ணப்படாது, அடுத்த முறை எழுதுவது முதல் முயற்சியாகவே இருக்கும். ஏற்கெனவே நான்கு அரியர் வைத்திருப்பவர் இதற்காக அலைய வேண்டியதில்லை.

ரீவேல்யூவேஷன் போடலாமா?

தியரி பாடத்துக்கு மட்டும். லேபுக்கும் பிராஜெக்டுக்கும் கிடையாது. முதலில் விடைத்தாள் நகல் வாங்க வேண்டும், முடிவு வந்து இரண்டு வாரத்துக்குள். அந்தப் பாடம் எடுத்த ஆசிரியர் கேள்விவாரியாக மதிப்பெண் போட்டுப் பரிந்துரைத்தால்தான் ரீவேல்யூவேஷன். அதிலும் திருப்தி இல்லையென்றால் ரிவ்யூ. நகலைப் பார்க்கும்போது முதலில் கூட்டலையும், திருத்தாமல் விட்ட பக்கம் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். "பதில் நன்றாகத்தான் எழுதியிருந்தேன்" என்பதைவிட அவை உறுதியான ஆதாரம்.

கல்விக் கடன் இருக்கிறது. ஒரு வருடம் தள்ளினால் வங்கி என்ன செய்யும்?

வங்கிகள் பின்பற்றும் மாதிரித் திட்டத்தில் படிப்புக் காலமும் அதன்பின் ஒரு வருடமும் தவணை கட்ட வேண்டியதில்லை. நீங்கள் நின்றது வங்கிக்குத் தெரியாவிட்டால் பழைய தேதியிலேயே தவணை தொடங்கிவிடும், கட்டாவிட்டால் கடன் வரலாறு கெடும், அதுவும் கையெழுத்திட்ட அப்பாவின் பெயரில். குறித்த காலத்தில் படிப்பை முடிக்க முடியாதவருக்கு அதிகபட்சம் இரண்டு வருடம் வரை நீட்டிக்கத் திட்டத்தில் இடம் உண்டு. மறுசேர்க்கை ஆணை வந்த வாரமே அதன் நகலோடு கிளைக்குப் போய் எழுத்தில் கேளுங்கள்.

ஸ்டாண்டிங் அரியர், ஹிஸ்டரி ஆஃப் அரியர்: வேலைக்கு எது பாதிக்கும்?

இன்னும் பாஸ் செய்யாதது ஸ்டாண்டிங். ஒரு காலத்தில் இருந்து இப்போது தீர்ந்தது ஹிஸ்டரி. கேம்பஸுக்கு வரும் நிறுவனங்களில் பெரும்பாலானவை முதலாவதைத்தான் பார்க்கின்றன, சில இரண்டாவதையும் கேட்கின்றன. நடுவில் போன வருடத்தைப் பற்றி நேர்காணலில் கேட்டால் காரணத்தை ஒரே வரியில் சொல்லிவிடுங்கள். மறைத்தால் மதிப்பெண் பட்டியலில் உள்ள மாதமும் வருடமும் காட்டிக்கொடுத்துவிடும்.

கர்ப்பமாக இருக்கும் மாணவிக்கு விதி என்ன?

மாணவிகளுக்கு மகப்பேறு விடுப்பும் அட்டெண்டன்ஸ் தளர்வும் தர ஏற்ற விதிகளை வகுக்கும்படி பல்கலைக்கழக மானியக் குழு 2021 டிசம்பரில் பல்கலைக்கழகங்களுக்கு எழுதியது. அந்தக் கடிதத்தைக் குறிப்பிட்டு முதல்வருக்கு மனு கொடுங்கள். கூடவே, தேர்வுப் பதிவுத் தேதிக்குள் பிரேக் விண்ணப்பத்தையும் தயாராக வைத்திருப்பது நல்லது.

நான் தன்னாட்சிக் கல்லூரியில் படிக்கிறேன். எனக்கு எது பொருந்தும்?

உங்கள் கல்லூரியே தன் ரெகுலேஷனை வகுத்து, தேர்வையும் நடத்துகிறது. அதைச் சேர்ந்த நாளே வாங்கிப் படித்திருக்க வேண்டும். முக்கியமாக மூன்று இடங்களைத் தேடுங்கள். அட்டெண்டன்ஸ் மொத்தத்துக்கா, பாடத்துக்கா? பாடவாரியாக இருந்தால் ஒரு பாடத்தில் குறைந்தாலும் அந்தப் பாடத்துக்கு மட்டும் எஸ்.ஏ. விழுந்து, அதை மறுபடி வகுப்பில் உட்கார்ந்து படிக்க வேண்டியிருக்கும். முழு செமஸ்டர் போகாது. இரண்டாவது, அடுத்த ஆண்டுக்குப் போகக் குறைந்தபட்ச கிரெடிட் ஏதாவது வைத்திருக்கிறார்களா? அப்படி இருந்தால் இந்தப் பக்கத்தின் முதல் பதிலே உங்களுக்குப் பொருந்தாது. மூன்றாவது, மறுசேர்க்கை விண்ணப்பத்தின் கடைசித் தேதி.

ரெகுலேஷன் கல்லூரி இணையதளத்தில் இருக்கும். பெரும்பாலும் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் பக்கத்தில், மெனுவின் மூன்றாவது அடுக்கில், பத்து பழைய பதிப்புகளுக்கு நடுவே. நீங்கள் சேர்ந்த ஆண்டுக்கு உரியதைத் திறந்திருக்கிறீர்களா என்று அட்டையில் உள்ள ஆண்டைப் பார்த்துக்கொள்ளுங்கள்.